ஜூரோங் தண்ணீரில் கரீபியன் மீன்கள்

என் அக்காள் கணவர் ஆர்னால்ட் இருபத்தொன்பது வருடம் தண்ணீருக்கு அடியில் வேலை பார்த்தவர். சிங்கப்பூரின் ஜூரோங்கில் ஒரு கப்பல் பட்டறையில் டைவர். டைவர் என்றதும் உங்கள் மனதில் நீலத் தண்ணீரும் பவளப் பாறையும் வந்து நின்றால் உங்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். எனக்கும் அப்படித்தான் வந்தது. வெகு காலம் அதை நம்பிக்கொண்டும் இருந்தேன். நான் ஜெரார்ட், பஸ் ஓட்டுகிறவன். பிரிஜட் அக்காவுக்கு நேர் இளையவன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஆகவே வாரத்தில் மூன்று நாளாவது ஜூரோங் வெஸ்ட்டில் அக்கா வீட்டில்தான் எனக்குச் சாப்பாடு. நான் கடலைப் பற்றித் தெரிந்துகொண்டதெல்லாம் அந்தச் சாப்பாட்டு மேசையில்தான்.

மச்சான் செய்தது கப்பலின் வயிற்றைச் சுரண்டும் வேலை. நிற்கிற கப்பலின் அடியில் பாசி படரும், கொட்டலசு பிடிக்கும். கொட்டலசு என்பது கல் மாதிரி ஓட்டோடு கூட்டம் கூட்டமாக ஒட்டிக்கொண்டு வளரும் ஒரு ஜந்து. அதை எடுக்காவிட்டால் கப்பல் வேகம் போகாது. தலையில் கவசம், மேலே படகிலிருந்து வருகிற காற்றுக் குழாய், கையில் சுரண்டி. இறங்கினால் இரண்டு மணி நேரம். எப்போதும் ஜோடியாகத்தான் இறங்குவார்கள். மச்சானின் ஜோடி அப்துல் கையூம். எனக்குக் கையூம் அண்ணன். மச்சான் ஒல்லி, அவர் நல்ல பருமன். பட்டறையில் இருவரையும் 'ஒன்றும் பூஜ்யமும்' என்று கூப்பிடுவார்களாம்.

அக்காவுக்கு நீந்தத் தெரியாது. கடற்கரையில் கால் நனைக்கக்கூட யோசிப்பாள். அப்படிப்பட்டவளைக் கல்யாணமான முதல் வருடம் பட்டறையின் குடும்ப தினத்துக்கு மச்சான் கூட்டிக்கொண்டு போனார். குடும்பங்கள் பார்ப்பதற்காக டைவர்கள் இறங்கிக் காட்டினார்கள். தேத்தண்ணி நிறத்தில் கிடந்த தண்ணீருக்குள் புருஷன் இறங்குவதையும், தலை மறைந்ததையும், அதற்குப் பிறகு வெறும் குமிழிகள் மட்டும் வந்துகொண்டிருந்ததையும் அக்கா பார்த்தாள். அன்றைக்குப் படுத்தவள்தான். மூன்று நாள் காய்ச்சல். நான்காம் நாள் எழுந்து உட்கார்ந்து, "அந்த வேலைய விட்ருங்க. இல்லன்னா அடியில என்ன இருக்குன்னு தெனமும் வந்து சொல்லுங்க. தெரியாம என்னால தூங்க முடியாது" என்றாள்.

அன்று மாலை மச்சான் உண்மையைச் சொன்னார். சேறு என்றார். அக்கா விடிய விடிய விழித்திருந்தாள். மறுநாள் மாலை அவர் ஒரு மீனைச் சொன்னார். அக்கா தூங்கினாள்.

இப்படித்தான் தொடங்கியது. அதற்குப் பிறகு இருபத்தேழு வருடம், சோற்றுத் தட்டு வைத்ததும் அக்கா கேட்பாள், மச்சான் சொல்வார். எத்தனையோ மாலைகள் நானும் அங்கே வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

"இன்னைக்குத் தண்ணி எப்படி?"

"கண்ணாடி. முப்பது மீட்டர் தள்ளி நிக்கிறதுகூடத் தெரியுது."

"குளிரா?"

"வெதுவெதுன்னு இருக்கு. லேசா ஒரு நீரோட்டம். நாம நீந்தவே வேணாம், கைய கட்டிக்கிட்டு இருந்தா அதுவே பாறை ஓரமா கூட்டிட்டுப் போவும்."

"டிரைவர் இல்லாத பஸ் மாதிரியா மச்சான்?" என்று நான் கேட்பேன்.

"ஸ்டாப்பும் இல்ல மாப்ள."

மச்சான் பேசும்போது குரல் உயராது. மெதுவாக, நடுவில் ரசத்தை ஊற்றிக்கொண்டு, நேற்றுப் பார்த்த தெருவைச் சொல்வதுபோலச் சொல்வார். கடல் விசிறி என்று ஒன்று உண்டாம். ஆள் உயரம், ஊதா நிறம், வலை மாதிரி மெல்லியது. அலை உள்ளே வரும்போது அத்தனை விசிறியும் ஒரு பக்கம் சாயும், அலை திரும்பும்போது மறுபக்கம் சாயும். அதையே பார்த்துக்கொண்டிருந்தால் நம் மூச்சும் அந்தக் கணக்குக்கு வந்துவிடுமாம். அவர் அதைச் சொன்ன அன்று மூன்று பேருமே சாப்பிடுவதை நிறுத்திவிட்டு மூச்சை இழுத்து விட்டுக்கொண்டிருந்தோம்.

இன்னொரு நாள் ஒரு சின்ன மீன் வந்தது.

"பாதி ஊதா, பாதி மஞ்சள். சாயத்துல முக்கி எடுத்த மாதிரி நடுவுல ஒரு கோடு. பாறைக்கு அடியில தலைகீழா நீந்துது."

"பாவம், அடிபட்டுருச்சா?" என்றாள் அக்கா.

"இல்ல பிரிஜட். பாறையோட அடிப்பக்கம்தான் தரைன்னு அது நெனச்சுக்கிட்டு இருக்கு. அதுக்கு நாமதான் தலைகீழ்."

கிளிமீன் தூங்கும் முன் வாயிலிருந்து பசை மாதிரி ஒன்றை விட்டுத் தன்னைச் சுற்றிக் கொசுவலை கட்டிக்கொள்ளும் என்றார். பகலில் இறங்குகிற ஆள் தூங்குகிற மீனை எப்படிப் பார்த்தார் என்று எனக்கு ஒரு சந்தேகம். கேட்டேன். "அது நைட் ஷிஃப்ட் மீன் மாப்ள" என்றார். நானும் சரி என்றேன். பெரிய பெரிய மீன்கள் வாயைத் திறந்துகொண்டு வரிசையில் நிற்கும், விரல் நீளத்தில் ஒரு பொடி மீன் ஒவ்வொன்றின் வாய்க்குள்ளும் போய்ச் சுத்தம் செய்துவிட்டு வரும் என்றார். அரசாங்கப் பாலிகிளினிக் மாதிரி என்றேன். நம்பர் சீட்டு மட்டும் இல்லை என்றார். கிழக்குக் கடற்கரையில் தண்ணீர் கலங்கலாகத்தானே இருக்கிறது என்று ஒருமுறை கேட்டதற்கு, "மேலதான் கலங்கல், அடியில தெளிவு" என்று சொல்லிவிட்டார். நீந்தத் தெரியாதவர்களிடம் கடலைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்லலாம்.

எல்லா மாலையும் இப்படி இருக்காது. பல நாள் "ஒரு கெளுத்தி போச்சு", "நண்டு ரெண்டு" என்று முடித்துவிடுவார். அக்காவுக்கு அதுவும் போதும். என்றைக்காவது ஒரு நாள்தான் அந்தப் பெரிய நாள் வரும், அழகான மீன் வரும், நாங்களும் அப்படியே அதில் மிதந்துகொண்டு போவோம்.

அக்கா டெக்கா சந்தையின் மாடியில் ஒரு தையல் கடையில் ரவிக்கை தைப்பவள், சேலைக்கு ஓரம் அடிப்பவள். வெட்டி மிச்சமாகும் துண்டுத் துணிகளை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைப்பாள். மச்சான் சொல்கிற மீன் ரொம்ப அழகாக இருந்துவிட்டால், அந்த வாரமே டின்னைக் கவிழ்த்து அந்த மீனை வெட்டித் தைத்துவிடுவாள். பட்டு, ஜரிகை, சாட்டின். வருடக் கணக்கில் சேர்ந்த மீன்களை ஒரு பெரிய நீலத் துணியில் பொருத்தினாள். நடுவில் மஞ்சளும் நீலமுமாக, நெற்றியில் கிரீடம் வைத்த மாதிரி ஒரு மீன். அதற்குத் தன் கல்யாணச் சேலையின் ஜரிகையை வெட்டியிருந்தாள். மகள் செரினா ஆஸ்திரேலியாவில் பெர்த்துக்குக் குடிபோன பிறகு அவள் அறை முழுவதும் அந்தத் துணிதான் விரிந்து கிடந்தது.

மச்சான் மூன்று வருடத்துக்கு முன் ஓய்வு பெற்றார். காது கெட்டுவிட்டது, இனி இறங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சொல்ல ஒன்றும் இல்லாமல் போனாலும் பழைய மீன்களையே அவ்வப்போது திரும்பச் சொல்வார்; அக்காவும் புதிதாகக் கேட்பது மாதிரியே கேட்பாள். எனக்கு அந்த மூன்று வருடமும் ரொம்பப் பிடித்திருந்தது.

போன செப்டம்பரில் எங்கள் லூர்து மாதா கோயில் ஹாலில் ஒரு கண்காட்சி வைத்தார்கள். கடவுள் உலகத்தைப் படைத்த ஆறு நாளையும் ஆளுக்கு ஒரு நாளாகப் பங்குமக்கள் செய்து காட்ட வேண்டும். கடலும் மீனும் ஐந்தாம் நாள். அக்காவை விட்டால் வேறு யார்? நீலத் துணிக்கு ஓரம் தைத்து, மூங்கில் குச்சி கோத்து, ஹாலின் முன்பக்கச் சுவரில் மாட்டினாள். கீழே கெட்டி அட்டையில் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி ஒட்டினாள்: நம் சிங்கப்பூர்க் கடலில் ஆர்னால்ட் கண்டவை.

"எம் பேரு எதுக்கு பிரிஜட்? எடுத்துரு" என்று மச்சான் கெஞ்சினார்.

"சும்மா இருங்க. பெரிய தன்னடக்கம்."

அந்த மனிதர் வேர்த்து வழிந்துகொண்டு நின்றதை நானும் தன்னடக்கம் என்றுதான் நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஹாலில் கூட்டம். கடலைப் பற்றிப் பேச வைஷாலி என்று ஒரு பெண்ணை அழைத்திருந்தார்கள். முப்பது வயது இருக்கும். வாரக் கடைசியில் நம் தெற்குத் தீவுகளில் முங்கிப் பவளங்களை எண்ணிக் குறிக்கிற தொண்டர் குழுவில் இருப்பவள். உள்ளே வந்தவள் துணியைப் பார்த்ததும் கையிலிருந்த பையைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

"ஆண்ட்டி, நீங்களா தைச்சீங்க? ஐயோ, சூப்பர் லா! இது குவீன் ஏஞ்சல்ஃபிஷ். நெத்தியில கிரௌன் பாருங்க, கரெக்டா வெச்சிருக்கீங்க! இந்தப் பாதி ஊதா பாதி மஞ்சள், ஃபேரி பாஸ்லெட். எல்லாமே கரீபியன் ரீஃப்ல உள்ளது. போன வருஷம் பொனேர் தீவுக்குப் போயி நானே பாத்தேன். எங்க டைவ் பண்ணீங்க ஆண்ட்டி?"

"கரீபியனா?" என்றாள் அக்கா.

"ஆமா, உலகத்துக்கு அந்தப் பக்கம். நம்ம பக்கம் இதெல்லாம் இருக்கவே இருக்காது. நம்ம கடல்லயும் பவளம் நெறைய இருக்கு ஆண்ட்டி, ஆனா தண்ணி பச்சையா கலங்கி இருக்கும். ரெண்டு மீட்டர் தெரிஞ்சாலே எங்களுக்கு அன்னைக்கு லக்கி டே. ஜூரோங் பக்கம்லாம் கைய நீட்டுனா கையே தெரியாது."

அப்புறம்தான் அந்தப் பெண் குனிந்து அட்டையைப் படித்தாள். படித்தவள் நிமிரவில்லை. சுற்றி நின்றவர்களும் படித்தார்கள். மச்சான் ஓர் ஓரத்தில் காகிதக் குவளையில் காப்பியோடு நின்றார். அக்கா அவரைப் பார்த்தாள். அவர் குவளைக்குள் பார்த்தார்.

"அட்டை தப்பா வந்துருச்சும்மா. அங்கிள் கப்பல் வேலையா அந்தப் பக்கம் போனப்போ பாத்தது" என்றாள் அக்கா. சொல்லிக்கொண்டே நகத்தால் அட்டையைப் பெயர்த்து எடுத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்ய மாதம் தவறாமல் போகிறவள், கோயில் ஹாலில் நின்று பொய் சொன்னாள். என் வாழ்க்கையில் அவள் பொய் சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

துணியைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிட்டோம். வீட்டில் அவள் சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள். ஒன்றும் கேட்கவில்லை. அதற்கு அடுத்த நாளும் கேட்கவில்லை. புதன்கிழமை மச்சான் எனக்குப் போன் செய்தார்.

அவர்கள் புளோக்குக்குக் கீழே இருக்கும் காப்பிக் கடையில் உட்கார்ந்தோம். அவர் பிளாஸ்டிக் பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்தார். அட்டை இல்லை, தண்ணீர் பட்டு ஊதிப்போயிருந்தது. கரீபியன் தீவுகளில் முங்கப் போகிற சுற்றுப்பயணிகளுக்காக ஆங்கிலத்தில் எழுதிய கையேடு. ஒவ்வொரு தீவுக்கும் ஒரு பக்கம்: தண்ணீரின் சூடு, எத்தனை மீட்டர் தெரியும், நீரோட்டம் எந்தப் பக்கம், எந்த மாதத்தில் அலை. நடுவில் வண்ணப் படங்கள். ஏதோ ஒரு கப்பலில் குப்பைக்கு ஒதுக்கி வைத்த பெட்டியிலிருந்து எடுத்தாராம், வேலைக்குச் சேர்ந்த புதிதில்.

"அப்ப அடியில என்னதான் பாத்தீங்க மச்சான்?"

"ஒண்ணும் பாக்கல."

"ஒண்ணுமேயா?"

"இருட்டு மாப்ள. கண்ண தொறந்தாலும் ஒண்ணுதான், மூடுனாலும் ஒண்ணுதான். எல்லாம் கைதான்."

எனக்குக் கோபம் வந்தது. ஏன் வராது? பஸ் டிப்போவில் எத்தனை பேரிடம் அந்தத் தலைகீழ் மீனைப் பற்றி அளந்திருப்பேன்! என்னை விடுங்கள், அக்காவை இப்படிக் கோயில் ஹாலில் நிறுத்திவிட்டீர்களே என்று நாலு வார்த்தை சூடாகக் கேட்டேன். அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டார்.

"அவ தூங்கணும்னுதான் ஆரம்பிச்சேன். இப்ப மூணு நாளா அவ தூங்கல, தெரியுமா? செவுத்தப் பாத்துப் படுத்திருக்கா. நான் பேசுனா எழுந்து போயிடுறா. இனிமே நான் என்ன சொன்னாலும் அவளுக்கு அது புத்தகம்தானே மாப்ள?"

அவர் கண்கலங்கி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அந்த வாரம் எனக்கு எல்லாமே முதல் தடவையாக நடந்துகொண்டிருந்தது. உண்மையைச் சொல்லிவிடுங்கள் என்றேன். கேட்டால்தானே சொல்வது என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்குப் போனேன். வீட்டுக் கூடத்தில் கால் வைக்க இடமில்லை. அரிசி மூட்டை, இஸ்திரிப் பலகை, கிறிஸ்துமஸ் மரப் பெட்டி, பழைய காற்றாடி எல்லாம் வெளியே கிடந்தன. அக்கா பாம் ஷெல்ட்டரைக் காலி செய்துகொண்டிருந்தாள். எங்கள் ஊர் அடுக்குமாடி வீடுகளில் போர் வந்தால் பதுங்கிக்கொள்ளத் தடித்த சுவரும் இரும்புக் கதவுமாக ஒரு சின்ன அறை கட்டித் தந்திருக்கிறார்கள். நாங்கள் அதில் வேண்டாத சாமான்களைப் போட்டு வைக்கிறோம். அவள் காற்றுத் துவாரத்தில் துணியை அடைத்தாள். பல்பைக் கழற்றினாள். ஒரு துண்டை மடித்துக் கதவருகே வைத்தாள்.

"என்னங்க, வாங்க."

"எங்க?"

"நீங்க தெனமும் பாத்ததக் காட்டுங்க. புத்தகம் வேணாம்."

மச்சான் எழுந்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்று முகத்தில் தெரிந்தது. எனக்குப் புரியவில்லை.

"டேய் ஜெரார்ட், கதவ மூடிட்டு அந்தத் துண்ட கீழ அடைச்சு வை. நான் சொல்ற வரைக்கும் தொறக்காத."

மூடினேன். வெளியே நல்ல வெயில். நான் தட்டில் சோற்றோடு இரும்புக் கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். உள்ளே நடந்ததைப் பிறகு இருவரும் தனித்தனியாக எனக்குச் சொன்னார்கள். இரண்டும் ஒத்துப்போனதால் எழுதுகிறேன்.

முதலில் அக்கா சிரித்தாளாம். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. சுவர் எந்தப் பக்கம், கதவு எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. தான் நிற்கிறாளா சாய்கிறாளா என்றே சந்தேகம் வந்துவிட்டது. கையை நீட்டித் துழாவினாள். மச்சான் அந்தக் கையைப் பிடித்துச் சுவரில் வைத்தார்.

"இதுதான் கப்பல். கைய எடுக்காத. எடுத்தா திரும்பக் கண்டுபிடிக்க முடியாது. அப்படியே தடவிக்கிட்டே எடப்பக்கம் வா."

சொரசொரவென்ற அந்தச் சுவரில் இரண்டு பேரும் கை வைத்து மெல்ல நகர்ந்தார்கள். இங்கே கொட்டலசு, இங்கே இரும்புத் தகடுகளைப் பற்றவைத்த தையல், இங்கே வளைவு ஆரம்பம் என்று அவர் சொல்லச் சொல்ல, அந்த வெறும் சுவரில் ஒவ்வொன்றும் கைக்குத் தட்டுப்பட்டது என்று அக்கா சத்தியம் செய்கிறாள். தலைக்கு மேலே இருபதாயிரம் டன் இரும்பு இருக்கும், அது தெரியாது, ஆனால் நெஞ்சில் கனக்கும் என்றார். காதில் தன் மூச்சு மட்டும் கேட்கும் என்றார். பிறகு ஓர் இடத்தில் நின்றார்.

"இங்க ஒரு வாய் இருக்கும். கப்பல் கடல்தண்ணிய உறிஞ்சுற எடம். மேல கம்பிச் சட்டம். நாங்க எறங்குறப்போ பம்ப நிறுத்தி வெப்பாங்க. ஒரு நாள் யாரோ போட்டுட்டாங்க. முதுகோட என்னைப் புடிச்சு அதுல ஒட்டி வெச்சிருச்சு. நெஞ்சு சரியா விரியல, மூச்சு கால்வாசிதான் உள்ள போச்சு. கையூம் தடவிக்கிட்டே வந்து, கயித்த இழுத்து மேல சொல்லி, அவங்க பம்ப நிறுத்துற வரைக்கும் பதினோரு நிமிஷம்."

"உங்களுக்கு என்ன தோணுச்சு?"

"அந்தப் புத்தகத்துல உள்ள மீனு ஒண்ணொண்ணா நெனச்சுக்கிட்டேன். பக்கத்துல வந்து நிக்குதுன்னு. இல்லன்னா பயத்துலயே போயிருப்பேன்."

"என்னைக்கு?"

"செரினாவோட முதல் நன்மைக்கு முந்தின வாரம்."

அந்த வாரம் அக்காவுக்கு மறக்காது. கோயிலில் மகள் முதன்முதலாக நற்கருணை வாங்குவதற்கு வெள்ளை கவுன் தைத்துக்கொண்டிருந்த வாரம். அன்று மாலை வீட்டுக்கு வந்தவர், கிரீடம் வைத்த மீனைப் பற்றி முக்கால் மணி நேரம் சொன்னார். அத்தனை அழகாக அதற்கு முன்னும் சொன்னதில்லை, பின்னும் சொன்னதில்லை. அவள் சந்தோஷத்தில் அழுதிருக்கிறாள். எழுந்துபோய்க் கல்யாணச் சேலையை வெட்டியிருக்கிறாள்.

உள்ளேயிருந்து கதவு இடிபட்டது. நான் துண்டை இழுத்துத் திறந்தேன். அக்கா வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வந்தாள், நேரே செரினாவின் அறைக்குப் போனாள், சுருட்டி வைத்த நீலத் துணியைக் கொண்டுவந்து அரிசி மூட்டைக்கும் இஸ்திரிப் பலகைக்கும் நடுவில் விரித்தாள். அதன் மேலேயே மண்டி போட்டு உட்கார்ந்தாள். ஜன்னல் வெயில் அத்தனை ஜரிகையிலும் விழுந்து கூரையில் ஆடியது.

தலைகீழ் மீன் மேல் விரலை வைத்தாள்.

"இது என்னைக்கு?"

மச்சான் அவள் எதிரில் உட்கார்ந்தார்.

"காத்துக் குழாய் மடங்கிக்கிச்சு, அன்னைக்கு."

"இது?"

"ப்ரொபெல்லர் பிளேடு கைய கிழிச்சது. சைக்கிள்ல விழுந்தேன்னு சொன்னேன்ல."

"கிளிமீன்?"

"நீரோட்டம் இழுத்துட்டுப் போச்சு. எந்தப் பக்கம் மேலன்னு தெரியல. ரொம்ப நேரம்."

"நல்லா இருந்த நாள்ல?"

"நல்லா இருந்த நாள்ல கெளுத்தி, நண்டுன்னு சொல்லியிருப்பேன். அத நீ தைக்கல."

இருபத்து மூன்று மீன்கள். ஒவ்வொன்றாக விரல் நகர்ந்தது. அவர் ஒவ்வொன்றுக்கும் சொன்னார். சாப்பாட்டு மேசையில் சொல்வாரே, அதே மெதுவான குரல்தான். நான் ரசத்தோடு உட்கார்ந்து கேட்ட அத்தனை மாலைகளும் அந்தத் துணியில் இருந்தன. இவர் சாவுக்குப் பக்கத்தில் போய்த் திரும்பி வந்த நாளில்தான் நாங்கள் நன்றாகச் சிரித்து, நன்றாகச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கியிருக்கிறோம். அக்கா அழவில்லை. கோபமாகத்தான் இருந்தாள்.

"நான் பயப்படக் கூடாதுன்னு நீங்க தனியா பயந்திருக்கீங்க. யாரு கேட்டா அத?" என்றாள்.

துணியின் கீழ் மூலையில் ஒரு மீன் மிச்சம் இருந்தது. சாம்பல் நிறப் பருத்தித் துணி, ஜரிகை கிடையாது, உருண்டையாக ஓர் உருவம், கண்ணுக்கு ஒரு சட்டைப் பொத்தான். அவர் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"இது நான் சொன்னதில்லையே பிரிஜட்."

"இல்ல. கையூம் அண்ணன் போன அன்னைக்கு."

பதினொரு வருடத்துக்கு முந்தைய நாள் அது. கப்பலுக்கு அடியில் கையூம் அண்ணனுக்கு நெஞ்சுவலி வந்து, மச்சான்தான் இருட்டில் தேடிப் பிடித்து மேலே கொண்டுவந்தார். மேலே வந்தபோது உயிர் இல்லை.

"நீங்க வந்து இந்த நாற்காலியில உக்காந்தீங்க. சாப்பிடல. ஒண்ணும் சொல்லல. கேக்கவும் எனக்கு வாய் வரல. அந்த ஒரு நாள் மட்டும் காலியா இருக்கக் கூடாதுன்னு நானா ஒண்ணு செஞ்சு தைச்சேன்."

மச்சான் கண்ணை மூடிக்கொண்டார். அந்தச் சாம்பல் மீனைத் தலையிலிருந்து வால்வரை உள்ளங்கையால் மெல்லத் தடவினார். வாலில் நின்று, திரும்பத் தலைக்கு வந்தார். அக்கா தன் கையை அவர் கை மேல் வைத்தாள். அவர் தடவிய பக்கமெல்லாம் அதுவும் கூடப் போனது.

"இதுக்கு என்ன பேரு?" என்று மச்சான் கேட்டார்.

"தெரியலீங்க."

அவருக்கும் தெரியவில்லை. அந்தப் புத்தகத்தில் இல்லாத மீன் அது ஒன்றுதான்.